தெருக்கோடியில் இன்னொரு மகன்

கதாநாயகன் தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தான். மூன்று மாடி வீடு ஒன்று அவன் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது.

ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஓவியர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார். பின்திரையை, அதாவது மேடைக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரை தொங்கும் அந்தப் பெரிய துணியை, ஒரு மாதமாக ஏணியில் ஏறி இறங்கி வரைந்தவர் அவர்தான். முன்னால் பெரிய வீடு, போகப் போகச் சின்ன வீடு, கடைசியில் ஒரு புள்ளியில் மறையும் தெரு. படித்த பாடத்தில் ஒரு கோடு பிசகவில்லை. ஆனால் தூரம் போனால் படத்திலுள்ள வீடு சிறுக்கும், மனுஷன் சிறுப்பானா? பத்தடி பின்னால் போய் நின்றாலும் ஆறடி ஆள் ஆறடிதானே. இது ஓவியருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பாவம், இதுவரை அவர் வரைந்ததெல்லாம் கூடத்தில் மாட்டும் படங்கள். அவையும் பெரும்பாலும் அவர் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருந்தன. நாடகக் குழு மாமனாருடையது. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்த மாமனார் போன மாதம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். இந்தத் திரை நன்றாக அமைந்தால் இனி எல்லா நாடகத்துக்கும் மாப்பிள்ளைதான் ஓவியர். சொதப்பினால் திங்கட்கிழமையிலிருந்து மச்சானுடைய டைல்ஸ் கடை. மச்சான் தங்கமான மனுஷர்; கடைப் பெயர் போட்ட சட்டை இரண்டை இப்போதே தைத்து அனுப்பிவிட்டார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஓவியர் அவற்றை வேட்டிகளுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

முதலில் கதாநாயகனிடம் போய், கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து வர முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மாவைப் பார்க்க வருகிற மகன் சந்துக்குள்ளிருந்தா வருவான் என்று அவன் முறைத்தான். அவன் சொன்னதும் நியாயம்தான். நாடகத்தின் உயிரே அந்த நடையில்தான் இருந்தது.

சரி என்று கடைசி வீடுகளைப் பெரிதாக்கினார். மகன் மனுஷ உயரத்துக்கு வந்துவிட்டான். ஆனால் தெரு தூரம் போவதை மறந்துவிட்டு, ஆள் மேலே சாய ஆரம்பித்தது. வீடுகளெல்லாம் சேர்ந்து அவனைத் துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அம்மாவாக நடித்தவர் தலை சுற்றுகிறது என்று பாதி வசனத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டில் ஓவியருடைய மனைவி ஒரு வழி சொன்னாள். தூரத்தில் வருகிற மகனைத் திரையிலேயே பொடியாக வரைந்துவிட வேண்டியது. விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடும்போது நிஜ ஆள் முன்னால் வந்து நின்றுகொள்ள வேண்டியது. ஓவியர் துள்ளிக் குதித்தார். வீடுகளைப் பழையபடி சின்னதாக்கி, தெருக்கோடியில் விரல் அளவுக்கு ஒரு மகனை வரைந்தார். கையில் பெட்டி, தோளில் துண்டு, முகத்தில் ஏக்கம்கூட இருந்தது.

அரங்கேற்றத்தன்று மதியம் கடைசி ஒத்திகை. விளக்கு அணைந்தது, எரிந்தது. மகன் முன்னால் நின்றான். அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கதறினான். அவன் கதறி முடித்து, முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகும், தெருக்கோடியில் பெட்டியோடு ஒருவன் ஏக்கமாக வந்துகொண்டே இருந்தான்.

அம்மாவாக நடித்தவர் ஓவியர் பக்கம் திரும்பினார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம்.

"தம்பி, ஒருத்தன் வந்துட்டான். பின்னாடி வர்றவனுக்கும் சேர்த்து இப்பவே அழுதுடவா?"

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"காட்சி ஆறரைக்கு. டைல்ஸ் கடை திங்கக்கிழமை ஒன்பது மணிக்குத் திறப்பாங்க, மாப்பிள்ளை."

ஓவியர் திரையை இறக்கித் தரையில் விரித்து, தெருக்கோடி மகனை அழித்தார். அழித்த இடம் சேறாகிவிட்டது. சேற்றை மறைக்கப் புகை போட்டார். புகையைப் பார்த்தால் கடைசி வீடு தீப்பற்றி எரிவது போல் இருந்தது. தீயை அணைக்க மழைமேகம் போட்டார். மேகம் பரவி வானத்தையே தின்றுவிட்டது. பதற்றத்தில் வாளி வாளியாகச் சாயத்தைக் கரைத்து மொத்த வானத்தையும் திரும்ப அடித்தார். ஆறு மணிக்கு நிமிர்ந்தபோது துணி முழுக்க நனைந்து ஊறிக் கிடந்தது.

திரையை ஏற்றக் கயிற்றுக்காரர் வந்தார். முப்பது வருஷமாக அந்த மேடையில் திரை கட்டுகிறவர். வாயைத் திறக்க மாட்டார். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவார், சொன்னதைச் செய்து முடிப்பார், அவ்வளவுதான். ஓவியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஈரம் காயவில்லை, நடிகர்கள் உடுப்பில் ஒரு பொட்டு சாயம் ஒட்டினாலும் என்னைத் தொலைத்துவிடுவார்கள், யார் மேலும் படாதபடி பார்த்து மாட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கயிற்றுக்காரர் தலையாட்டினார். ஓவியர் கை கால் கழுவ ஓடினார்.

திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. முன்வரிசையில் மாமனாரும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார ஓவியருக்குத் தெம்பில்லை. பின்திரைக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடுக்கு இருந்தது. தூரிகையும் சாயக் கிண்ணமுமாக அதற்குள் புகுந்துகொண்டார்.

நாடகம் முழுக்க அங்கேயே தன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடை வெளிச்சத்தில் அது இன்னும் கோரமாகத் தெரிந்தது. கடைசி வீட்டின் தீ அணையவே இல்லை. மனசு கேட்காமல் தூரிகையை நீட்டி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

மகன் வருகிற கட்டம் வந்தது. காலடிச் சத்தம் கேட்டது. ஓவியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிரிப்பை அடக்குகிறார்களோ என்று நினைத்தார். பிறகு இன்னும் பத்துப் பேர் உறிஞ்சினார்கள். திரை விழுந்ததும் எழுந்த கைதட்டல் சுவரில் மோதி அவர் முதுகில் அறைந்தது.

மாமனார் கண் கலங்க மேடைக்குப் பின்னால் வந்தார். வந்ததும் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"என்ன பனி மாப்பிள்ளை அது. தெரு இருக்கா இல்லையான்னே தெரியல. அதுக்குள்ளேருந்து பையன் வந்தான் பாருங்க, எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. அந்தப் பனி லேசா அசைஞ்சுதே, அதை எப்படிச் செஞ்சீங்க?"

ஓவியர் பனி எதையும் வரையவில்லை. இருந்தாலும் மாமனாரிடம் போய் மல்லுக்கட்ட முடியுமா? அதெல்லாம் கை வாகு மாமா என்று சொல்லி வைத்தார். அடுத்த நாடகத்தில் ஓர் அரண்மனை வருகிறது, அதையும் இதே அடக்கத்தோடு செய்யவேண்டும் என்று மாமனார் அங்கேயே சொல்லிவிட்டார். மச்சான் கொஞ்சம் வாடினார். பிறகு அவரே தேறி, சட்டையை வேறு யாருக்காவது பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்றார். மனைவி முந்தானையால் ஓவியரின் கன்னத்துச் சாயத்தைத் துடைத்துவிட்டாள்.

எல்லோரும் போனபிறகு ஓவியர் சாயப் பெட்டிமேல் உட்கார்ந்து, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை முழுசாக விட்டார். திங்கட்கிழமை வெறும் திங்கட்கிழமையாகிவிட்டது. ஈரச் சாயமும் விளக்கும் சேர்ந்து பனியாகியிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். தன் கை தனக்கே தெரியாமல் பெரிய கையாகிவிட்டதோ என்று ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

கயிற்றை அவிழ்க்க வந்த கயிற்றுக்காரர் அவர் முன்னால் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார். பிறகு அபூர்வமாக வாயைத் திறந்தார்.

"சார், அடுத்த நாடகத்துக்கும் இதே மாதிரி படம் உங்க பக்கமும் வெறும் துணி ஜனங்க பக்கமுமா வச்சே மாட்டிடட்டுமா?"