மூன்றாம் நம்பர் டேங்கியும் டொக்டொக் அண்ணனும்

கெடா மாநிலத்தில் டொக்டொக் அண்ணனின் சுத்தியலிடம் அடி வாங்காத பொருள் எதுவும் கிடையாது. திருவிழாவுக்கு வந்தால்கூட, தேர்ச் சக்கரத்தை நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாமியைக் கும்பிடுவார்.

எண்ணெய் டேங்கிகளைச் சோதித்து, தாங்கும், தாங்காது என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். மெர்கோங்கிலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். கூடையில் ஒரு சுத்தியல், இரும்பின் தடிமன் காட்டும் சின்ன மிஷின், ஒரு சிவப்புச் சாக்கட்டி. தாங்காது என்று பட்டால் சாக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுவார். அவர் சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

கரங்கான் ஊரில் ஒரு ரொட்டி சானாய் கடையில் ஒருநாள் முக்காலியைத் தட்டிப் பார்த்து, அதற்கும் பெருக்கல் குறி போட்டார். கடைக்காரருக்குக் கோபம்.

"அண்ணே, பத்து வருசமா ஆளுங்க உட்கார்ற முக்காலி லா!"

"பத்து வருசமா உட்கார்ந்தாங்க. இனிமே படுப்பாங்க."

நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் கடைக்காரரே அதில் உட்கார்ந்து, படுத்தும் காட்டினார்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்தார். என் மனைவி வைத்த அப்பளத்தை விரலால் தட்டி, "சத்தம் சரியா இருக்கு தங்கச்சி. பாஸ்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கொடுக்காத சர்டிபிகேட் அது என்று அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் டேங்கி பார்க்கிற ஆள். மூன்றாம் நம்பர் டேங்கியின் காலடியில்தான் என் மேசை. தலைக்கு மேலே அத்தனை சூடான எண்ணெய் நிற்கும்போது, கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு முருகனை விட்டால் யார் துணை? வெள்ளிக்கிழமை தவறாமல் டேங்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். அடித்தகட்டின் விளிம்பில் ஒரு தேங்காய் உடைப்பேன். பதினோரு வருடம் அப்படி உடைத்தேன்.

சோதனை வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் மானேஜர் பாதுகாப்புக்காக எடுத்த முதல் நடவடிக்கை, பெயிண்ட் வாங்கியதுதான். மூன்று டேங்கிகளும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின. வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று புதுப் பலகை. அதை எழுதியவர், ஆடுகிற பீப்பாயின் மேல் ஒற்றைக் காலில் நின்று எழுதினார்.

டொக்டொக் அண்ணன் வந்து இறங்கியதும் மானேஜர் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். அண்ணன் அதையும் தட்டினார்.

"பாதிதான் இருக்கு சார்."

மீதிப் பாதி எந்த வயிற்றில் இருக்கிறது என்று ஆலைக்கே தெரியும். மானேஜர் மட்டும் டின்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

முதல் இரண்டு டேங்கிகள் டொக் டொக் என்று நல்லபடியாகப் பேசின. மூன்றாவதற்கு வந்தபோது நான் தயங்கிக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, சாமி கும்பிடற இடம். பூட்ஸ கழட்டிட்டு..."

"சாமி கோவிச்சா நான் பேசிக்கறேன் தம்பி. ரூலு கோவிச்சா பேச முடியாது."

தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். டொக். டொக். டொக். என் குங்குமப் பொட்டுக்குக் கீழே வந்ததும், "டப்."

புதுப் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே இருந்த இரும்பு பதம் தப்பிய அதிரசம் மாதிரி உதிர்ந்தது. மிஷினை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"யாரு இங்க தண்ணி ஊத்தறது?"

போன வெள்ளிக்கிழமை உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டு ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்தார். குங்குமத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரோட தப்புன்னு மட்டும் சொல்லுங்க அண்ணே," என்றார் மானேஜர். "இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

என் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். வாயில் முருகன் பெயர்கூட முழுதாக வரவில்லை.

டொக்டொக் அண்ணன் சிரட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டேங்கியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டார். யாருடைய தப்பு என்பது மானேஜருக்கு மறந்துவிட்டது.

"அண்ணே, எண்ணெய் எடுக்க லோரி வரிசையா நிக்குது. இந்த வருசம் மட்டும் தாங்கும்னு சாப் அடிச்சிடுங்க லா. அடுத்த வருசம் தகட மாத்திடறோம்."

"அடிக்கறேன். அதுவரைக்கும் உங்க மேசைய இங்க போடுங்க. இந்தத் தம்பி உங்க ஏர்கோன் ரூம்ல உட்காரட்டும்."

மானேஜர் என் நாற்காலியைப் பார்த்தார். அண்ணாந்து டேங்கியின் உச்சியைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து லோரிகளைத் திருப்பி அனுப்பினார்.

டேங்கியைக் காலி செய்து தகட்டை அறுத்தபோது, ஒரு துண்டு கையாலேயே ஒடிந்தது. சரியாக என் நாற்காலிக்கு நேராக இருந்த துண்டு. அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அறிக்கையில் காரணம் இரண்டே வரி: வெளிப்புற ஈரம், துருவைச் சுரண்டாமல் அடித்த பெயிண்ட். வாசலில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்காகப் பொய் எழுதிட்டீங்களா அண்ணே?"

"தேங்காத் தண்ணி ஈரம் இல்லாம என்ன? பெயிண்டும் உண்மைதானே."

"சாமிக்குன்னுதான் உடைச்சேன்..."

"நல்லா உடைங்க. ஆனா அந்தத் தண்ணி இரும்பத் தின்னுது. முருகன் உங்களத் தாங்குவாரு. டேங்கியையும் அவர் தலையிலயே கட்டணுமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு எங்கள் ஆலையில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொண்டு மெர்கோங்கிலிருந்து வந்தார். டேங்கிக்குப் பத்தடி தள்ளி, தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிற மாதிரி அதை நட்டார். சுத்தியலால் ஒரு தட்டு.

"பாஸ். இனிமே இதுல உடைங்க."

இப்போது முட்டி வலியால் அவர் வேலைக்கு வருவதில்லை. நான் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கல்லை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தேங்காயை உடைக்கிறேன். வேண்டிக்கொள்ளச் சொந்தப் பெயர் தெரியவில்லை. "முருகா, டொக்டொக் அண்ணன நல்லா வை" என்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று முருகனுக்குத் தெரியும்.