கராகுலாக்

“எஃபெந்தி, சிங்கம்னு எழுதச் சொன்னேன். இது என்ன கராகுலாக்?”

ஆளுக்கொரு குடும்பப்பெயர் வைத்தே தீர வேண்டும் என்று அங்காராவில் சட்டம் போட்ட வருஷம் அது. பதிவாளர் தெவ்பிக் எஃபெந்தி நிமிரவே இல்லை.

“சிங்கம், அதான் அஸ்லான்ங்கறது ஹம்சா ஆகா வீட்டுப் பேரு. அந்த வீட்டு ஆளுக்குத்தான் குடுப்பேன். கராகுலாக்குக்கு என்ன குறைச்சல்? அதுவும் புலிச் சாதிதான்யா. அடுத்த ஆள்!”

சிங்கம் கேட்ட ஜெலால் பொருமிக்கொண்டே வெளியே வந்தான். கராகுலாக் என்றால் கருங்காது. காது நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த காட்டுப்பூனை. ஊர்ப் பண்ணையார் ஹம்சா ஆகாவின் மகள் குல்சுமைப் பெண் கேட்க இருந்தவன் அவன். அவள் மனசில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சிங்கத்தின் மகளைப் போய்ப் பூனை கேட்பதா?

காப்பிக்கடை யாஷார் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

“அந்தப் பூனைக்கு என்ன வேலை தெரியுமா? சிங்கத்துக்கு முன்னால ஓடி, ‘எஜமான் வர்றார், எஜமான் வர்றார்’னு கத்தணும். மிச்ச எலும்பு அதுக்கு. சுல்தான் காலத்துல அரண்மனைக்குச் சேதி சுமந்தவனுக்கும் அதே பேருதான்.”

“அப்ப மாமனாருக்கு முன்னாடி ஓடு மாப்ளே!” என்றான் ஒருவன். கடையே சிரித்தது.

மறுநாள் ஜெலால் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான்.

“மறைக்கறான் பாரு, நிஜமாவே கறுப்புதான் போல!”

தொப்பியைக் கழற்றி, காதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். காது மிளகாயாகச் சிவந்தது. ஊர் அதற்கும் சிரித்தது.

கடைசியில் இரண்டு ஆட்டுக்கிடாய்களை ஓட்டிக்கொண்டு ஹம்சா ஆகாவிடமே போய் நின்றான். “உங்க பேரை எனக்கும் குடுங்க ஆகா. காலமெல்லாம் உங்க ஆளா இருப்பேன்.”

ஆண்வாரிசு இல்லாத ஆகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு பதிவாளரிடம் அழைத்துப் போனார்.

“நல்லா யோசிச்சியா?” என்றார் தெவ்பிக் எஃபெந்தி.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதுங்க!”

ஆகா வீட்டு ஆளாகவே எழுதி, முத்திரையும் குத்தினார். ஜெலால் ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். எட்டாம் நாள் பெண் கேட்டான். ஆகா வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். கல்யாணத்துக்கு நாள் குறிக்க அதே மேசை முன்னால் போய் நின்றான்.

பதிவாளர் பேரேட்டைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

“அடப்பாவி, ‘ஒரே பேருன்னா அண்ணன் தங்கச்சி ஆயிடுவோம், அவருக்கு வேற எதையாச்சும் எழுதுங்க எஃபெந்தி’ன்னு அந்தப் பொண்ணு அழுது கெஞ்சினதாலதானேடா உன்னைப் பூனையாக்கினேன்!”