எண்பத்து நான்கு படிகள்

முதலில் ஒரு கிறீச். அதற்குப் பிறகுதான் மணி.

எத்தனையோ வருடங்களுக்கு முன் கேட்ட அந்தக் கிறீச் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. பிரார்த்தனைக் கூடத்தின் கோபுரத்தில் மணிக்கயிறு ஓடும் கப்பிக்கு யாரும் கிரீஸ் வைத்ததே இல்லை. மணி ஒலிப்பதற்கு அரை நொடி முன்னால், வால் மிதிபட்ட பூனைபோல் அது கத்தும். கூடத்தில் எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. புதிதாக வந்த ஒருவரின் காதில் மட்டும் அது விழுந்தது. அவர் என் கணவர். விழும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கதையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடம் அதுதான்.

அவர் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். கடவுள் இல்லை என்பதை எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லுகிறவர். நான் முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவள். எனக்கும் கடவுள் அறிமுகமில்லை. சத்தம் போட்டுப் பழக்கமில்லாததால் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆக, எங்கள் வீட்டில் இரண்டு நாத்திகர்கள். அதில் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரியாது.

பின் ஏன் வாரம் தவறாமல் கூடத்துக்குப் போனேன் என்றால், அமைதிக்காக. நூலகத்தில் அமைதி சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே இரண்டும் நின்றுபோயின. வீட்டில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று தனக்குத் தானே பேசிப் பழகியவர், இப்போது கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் விடுவாரா? கூடத்தில் ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அங்கே சாய்ந்து உட்காரலாம். நடுவில் நாலு பாட்டு பாடினால் நெஞ்சுச்சளி இளகும். ஒரு வாரம் போகவில்லை என்றால் "உடம்புக்கு என்ன?" என்று சூப்போடு வந்து நிற்பார்கள். கடவுள் மட்டும்தான் எனக்குத் தெரியாதவர். அவர் வீட்டில் மற்ற எல்லோரையும் தெரியும்.

தன் அறுபத்தாறாவது பிறந்தநாளன்று என் கணவர் புதிதாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"இந்தா பாரு, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"காபி குடிச்சிட்டு எடுங்களேன்."

"விளையாடாதே. இந்த வாரத்துலேருந்து நானும் உன்கூட கூடத்துக்கு வர்றேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்களா? எதுக்கு?"

"ஆராய்ச்சி. கடவுள் இல்லேன்னு நிரூபிச்சாச்சு."

"எப்போ?"

"பல தடவை. நீ அப்பல்லாம் கூடத்துல இருந்தே. ஆனா இத்தனை ஜனம் போகுதுன்னா அதுல ஏதோ நடைமுறை லாபம் இருக்கணும் இல்லையா? நம்பாதவன் கண்ணால பார்த்துக் குறிச்சு எழுதப் போறேன். உலகத்துலயே முதல் தடவை."

"முதல் தடவை இல்லீங்க. இதைப் பத்தி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கு."

"பாத்தியா, திருத்த ஆரம்பிச்சுட்டே!"

திருத்துவது என் பழக்கம். இடம் மாறி இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். அவர் வாக்கியங்களில் பாதி இடம் மாறித்தான் இருக்கும்.

ஓய்வுநாள் காலை வந்தது. என் இடம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அதற்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பிரார்த்தனை தொடங்கியது. அவரும் தொடங்கினார்.

"இந்த பெஞ்ச் என்ன மரம் தெரியுமா?"

"ஷ்ஷ்."

"தேக்கு. நம்ம கட்டில்கூட தேக்கு இல்ல."

"ஷ்ஷ்ங்க."

"எழுதிக்கறேன். பயன் ஒண்ணு: நல்ல பெஞ்ச். பயன் ரெண்டு: அவங்க மின்விசிறி, நம்ம காத்து. ஏம்மா, முன்னாடி உக்காந்திருக்கிறது தையல்காரர்தானே? அழறாரா, தூங்கறாரா?"

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது வாரமும் இதே கதை. சாவிக்கார அக்கா வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். கூடத்தின் சாவியெல்லாம் இடுப்பில் தொங்க, நடந்தால் கலகலக்கும் பெண்மணி அவர்.

"உங்க வீட்டுக்காரரை வர வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா. கூடம் எல்லாருக்கும் பொது. ஆனா அவரு எல்லாருக்கும் பொதுவாவே பேசறாரே!"

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு அழுகை வந்தது. வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் நூற்று அறுபத்தேழை நான் அவருக்குக் கொடுத்திருந்தேன். மீதி ஒன்றும் போகப் போகிறது. அழுதுகொண்டே நடந்தவள் பாதி வழியில் நின்றேன். கூடத்தில் மணி அடித்துவந்த ரொட்டிக்கடைக்காரர் தோள்வலி என்று விலகப் போவதாக அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. கூடவே, கப்பி கத்தும்போதெல்லாம் பக்கத்தில் என் கணவர் பல்லைக் கடித்ததும்.

மறுநாள் அக்காவைப் போய்ப் பார்த்துப் பேசினேன். அக்கா சிரித்த சிரிப்பில் சாவியெல்லாம் ஆடின.

சாயங்காலம் அவரிடம் ஆரம்பித்தேன்.

"என்னங்க, அந்தக் கோபுரத்துக் கப்பி கத்துதே, அதை யாராலயும் சரி பண்ண முடியாதாமே?"

"யார் சொன்னா?"

"அக்காதான். அது அப்படிக் கத்தினாத்தான் பக்தியாம்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பக்தியா? அது கிரீஸ் இல்லாத சத்தம்டி! அரை மணி நேர வேலை!"

"உங்களுக்கு முடியாதுங்க. எண்பத்து நாலு படி."

"எனக்கா முடியாது? முப்பத்தஞ்சு வருஷம் எதுல ஏறினேன்?"

"லிஃப்ட்லதானே?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அந்த வாரமே கிரீஸ் டப்பாவோடு ஏறினார். கப்பியைக் கழற்றி, கழுவி, மாட்டினார். எடைக்கல்லின் சமநிலையைச் சரி பார்த்தார். ஒரு தடவை கயிற்றை இழுத்தார். கிறீச் இல்லை. மணி மட்டும் சுத்தமாக, வெயிலில் காய்ந்த துணியை உதறியதுபோல் ஊரெல்லாம் விரிந்தது. கீழே தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சொல்ல வேண்டும், எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் புருஷன் கை அது.

இறங்கி வந்தவரை அக்கா வாசலிலேயே மடக்கினார்.

"அண்ணா, இந்தக் கயித்தை இனிமே வேற கையில கொடுத்தா கெட்டுப் போயிடும்."

"கெடாம என்ன செய்யும்? முரட்டுத்தனமா இழுப்பாங்க."

"அதான் சொல்றேன். ஆனா நீங்க நம்பாதவரு..."

"கயித்துக்கு என்னங்க நம்பிக்கை? கயித்துக்கு வேண்டியது அளவு!"

"அப்போ ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு, நடுவுல மௌனப் பிரார்த்தனைக்கு ஒண்ணு."

அந்த நடுமணி நான் கண்டுபிடித்தது. இரண்டே மணி என்றால் இடையில் இறங்கி வந்து பேசிவிட்டு மறுபடி ஏறிவிடுவார். மூன்று என்றால் ஒரு மணி நேரமும் மேலேயே இருந்தாக வேண்டும். இன்றைக்கு அந்த நடுமணிக்குத் தையல்காரர் கண்ணை மூடிக்கொள்கிறார். முன்னோர் காலத்து வழக்கம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு மதத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்த நாத்திகர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

ஏழு வருடம் அவர் மணி அடித்தார். ஏழு வருடம் நான் ஜன்னலோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டில் காணாமல் போன ஒரு தலையணைக்காக என் நாத்தனாரைச் சந்தேகப்பட்டது தவிர, அந்த வருடங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கூடத்தார் மணிக்கு மோட்டார் வைத்தார்கள். அவர் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை, எனக்கே பயமாகிவிட்டது.

"உங்க நோட்டு மேலேயே இருக்காமே? நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்! நீ ஏறாதே. எண்பத்து நாலு படி. யாரையாவது அனுப்பிக்கலாம்."

அந்த "வேண்டாம்" ஒரு படி உயரமாக ஒலித்தது. மறுநாளே ஏறினேன், நாலு இடத்தில் உட்கார்ந்து.

மேலே ஒரு மடக்கு நாற்காலி. அதில் என் தலையணை. பக்கத்தில் பிளாஸ்க். நோட்டைத் திறந்தேன். "மதத்தின் நடைமுறைப் பயன்கள்: ஒரு நம்பாதவனின் குறிப்புகள்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பெஞ்ச், மின்விசிறி. அதற்குக் கீழே, அவர் முதல் முதலாக மணியடித்த நாளின் தேதியிட்டு மூன்றாவது பயன்:

"இங்கே அவள் ஏற மாட்டாள். ஒரு மணி நேரம் என்னை யாரும் திருத்தவில்லை."

அதற்குப் பிறகு ஏழு வருடத்துக்கும் வெள்ளைத் தாள். எழுத வேறொன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

நோட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

"கிடைச்சுதா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கே? எலி தின்னிருக்கும்."

"ஆமாமா. அங்க ஏகப்பட்ட எலி."

கல் கோபுரத்தில் எலி கிடையாது. வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நாலு வருடம், மூன்றாவது வரிசையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேசவில்லை. நடுமணி அடிக்கும்போது மட்டும் அவர் வலது கை மடியில் இருந்தபடியே மெல்ல ஒரு கயிற்றை இழுக்கும்.

போன மழைக்காலத்தில் இறந்துபோனார். கூடத்திலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். நாற்காலி கொண்டுவந்தார்கள், சூப் கொண்டுவந்தார்கள், தூக்கத் தோள் கொடுத்தார்கள். சாவிக்கார அக்கா எழுந்து நின்று, இப்படி ஒரு பக்திமானை இந்த ஊர் பார்த்ததில்லை என்று சொல்லி அழுதார்.

நான் திருத்தவில்லை.