மயிலிறகு தேர்ந்தெடுத்த கிளட்ச்

அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் மோட்டார் கார்களுக்குப் பக்தி பிடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் கொள்ளிடக் கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. வக்கீல் வண்டி, மிராசுதார் வண்டி, பஸ் முதலாளியின் பஸ். வரிசையின் முனையில் மூங்கில் பந்தல். பந்தலுக்குள் சக்கரானந்த சுவாமிகள்.

மனிதர்களுக்கு ஜாதகம் பார்க்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்ததால் சுவாமிகள் வண்டிகளுக்குப் பார்த்தார். ரிஜிஸ்டர் ஆன நாள்தான் ஜனன நாள். ரேடியேட்டர்தான் வயிறு. அவர் சொன்னபடி ஒரு வக்கீல் ரேடியேட்டரில் பால் ஊற்றினார். தெப்பக்குளம் போவதற்குள் அது திரட்டுப்பால் ஆகி வண்டி நின்றது. தோஷம் வெளியேறுகிறது என்றார் சுவாமிகள். வக்கீல் இன்னொரு படி பாலுக்கு ஆள் அனுப்பினார். கோர்ட்டில் எந்தச் சாட்சியையும் லேசில் நம்பாதவர் அவர்.

சுவாமிகளின் தனிச் சிறப்பு கிளட்ச். என்ஜினின் சுழற்சியைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் தட்டு அது. பிடி வழுக்கினால் என்ஜின் அலறும், வண்டி நகராது. எந்த வண்டிக்கு எந்தத் தட்டு என்பதை அவர் பூக்கட்டிப் பார்த்துச் சொன்னார். சந்நிதியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்பார்களே, அதேதான். பூவுக்குப் பதிலாகத் தட்டு. உதிரிப் பாகக் கடை சௌரிராஜன் மூன்று தட்டுகளை மஞ்சள் துணியில் தனித்தனியே கட்டி வாழையிலையில் வைப்பார். சுவாமிகள் கண்ணைச் செருகிக்கொண்டு மயிலிறகை நீட்டுவார். இறகு நடுங்கும். ஒரு மூட்டைமேல் இறங்கும். பிரித்தால், கடையிலேயே விலை கூடிய தட்டாக இருக்கும். தெய்வத்துக்கு மலிவுச் சரக்கு பிடிப்பதில்லை.

துறையூரில் வாடகைக் கார் ஓட்டும் நல்லுசாமி என் சிநேகிதன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி கமலவல்லியைப் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் திருச்சிக்குக் கொண்டுவந்தோம். கொள்ளிடம் வரைதான் வந்தாள். அதன் பிறகு நல்லுசாமி ஒரு பழைய கார் வாங்கினான். அதன் என்ஜினை எடுத்துவிட்டு லாரி என்ஜினை ஏற்றினான். ஜில்லாவிலேயே அதுதான் வேகமான வண்டி. ஆனால் கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் ஆள் நிறைய இருந்தால் கருகல் நாற்றம் வரும், கர்ஜனை வரும், வண்டி மட்டும் வராது. கார் கிளட்ச் லாரியின் பலத்தைத் தாங்கவில்லை என்று சொன்னேன். நான் பௌதிகம் படித்த பள்ளிக்கூட வாத்தியார். நம்புவதற்கு என்னிடம் தாடி இல்லை.

அவசரம் நல்லுசாமியின் மனைவி செல்லக்கண்ணுவுக்கு. முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, அவளும் மயிரிழையில் தப்பினாள். இப்போது ஏழாம் மாதம். வலி கண்டதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். மாதக்கணக்கில் திருச்சியில் தங்க அவர்களுக்கு ஆளும் இல்லை, வசதியும் இல்லை. அந்தக் கார்தான் கதி.

அந்தக் காரில்தான் ஏறமாட்டேன் என்றாள் செல்லக்கண்ணு. சுவாமிகள் ஏற்கெனவே தேர்ந்த தட்டு ஒரு மாதத்தில் வழுக்கிவிட்டது. அதற்கு அவர் காரணமும் கண்டுபிடித்துவிட்டார். தாரமிழந்தவன் ஒருவன் முன் ஸீட்டில் உட்கார்ந்து போகிறானாம். அவன் பாரத்தை எந்தத் தட்டும் தாங்காதாம். புதுத் தட்டுக்கு உத்தரவு கிடைத்து, என்னையும் இறக்கிவிடும்வரை கர்ப்பிணி அதில் ஏறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாம்.

என் எடை லாரி சுமக்கும் இரண்டு மூட்டை நெல்லுக்குக்கூடக் காணாது.

மூன்று வெள்ளிக்கிழமை பந்தலில் போய் நின்றேன். மயிலிறகைப் பார்க்கவில்லை, எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நான் முடிச்சைப் பார்த்தேன். இரண்டு மூட்டைகளில் துணியின் முனை முயல்காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் முனை உள்ளே செருகியிருக்கும். இறகு இறங்குவது எப்போதும் செருகியதன்மேல்.

நாலாவது வெள்ளிக்கு நல்லுசாமியும் செல்லக்கண்ணுவும் பஸ்ஸில் வந்து சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். ஒரு மூட்டையில் தட்டுக்குப் பதிலாக அந்தத் தோசைக்கல்லை வைத்து, முனையைச் செருகிக் கட்டச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாமியைச் சோதிக்கறது பாவம் இல்லியாண்ணே?"

"உள்ள கல்லு இருக்குன்னு தெரிஞ்சா அவரே சொல்லிடுவாரும்மா. நான் விழுந்து கும்பிட்டுட்டு இனிமே அந்த வண்டிப் பக்கமே வரமாட்டேன்."

"தெரியலேன்னா?"

"நாளைக்கு வலி எடுத்தா யாரை நம்பிக் கிளம்பறதுன்னு நீயே யோசிச்சுக்க."

அவள் அடுப்பை அணைத்தாள். கல்லைத் துடைத்து ஆறவைத்தாள்.

பந்தலில் அவளே கேட்டாள். தன் உயிருக்கு வாங்குகிற தட்டு, தன் கையாலேயே கட்டிவைக்கிறேன் என்றாள். அது வழக்கமில்லையே என்று சௌரிராஜன் இழுத்தார். "புள்ளத்தாச்சி கேக்கறா, குடுங்களேன்" என்று கூட்டம் அதட்டியது. சுவாமிகள் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். கல்லை மறைத்திருந்த பையோடு பந்தலின் மூங்கில் தட்டிக்குப் பின்னால் போனவள் மூன்று மூட்டைகளோடு வந்து இலையில் வைத்தாள்.

சுவாமிகள் கண்ணைச் செருகினார். இறகு நடுங்கியது. இறங்கியது.

"இதுல வாயு வேகம் இருக்கு. பாலத்து ஏத்தத்துல கருடன் மாதிரி போகும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செல்லக்கண்ணு முடிச்சை அவிழ்த்தாள். நல்லெண்ணெய் மினுக்கோடு தோசைக்கல் வெளியே வந்தது.

"கிளட்ச் இப்ப இந்த மாடல்ல வருதா சௌரி?" என்று பின்னாலிருந்து ஒரு டிரைவர் கேட்டான்.

சுவாமிகள் அசரவில்லை. என் பக்கம் இறகை நீட்டி, தாரமிழந்தவன் நிழல் பட்டு இரும்பு உருமாறிவிட்டது என்றார். பாதிக் கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். தங்கள் முட்டாள்தனத்தைவிட என் பாவத்தை நம்புவது சுலபம்.

"உருமாறலைங்க," என்றாள் செல்லக்கண்ணு. "காலைல இதுலதான் தோசை வார்த்தேன். நான்தான் கட்டினேன், முனையை உள்ள செருகி. நீங்க எப்பவும் செருகினதைத்தானே எடுக்கறீங்க?"

முன்பே உத்தரவு வாங்கியிருந்த பஸ் முதலாளி, வீட்டுப் பூஜையில் பிரிக்க வைத்திருந்த தன் மூட்டையைத் திருப்பிப் பார்த்தார். முனை செருகியிருந்தது. பக்கத்தில் வக்கீல் தன்னுடையதைப் பார்த்தார். செருகியிருந்தது. வக்கீலுக்கு அப்போதுதான் தான் வக்கீல் என்பது ஞாபகம் வந்தது. சௌரிராஜனின் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

சுவாமிகள் நடந்தே போனார். அத்தனை வண்டி நின்றும் ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை.

இறகு ஒரு தடவைகூடத் தொடாத லாரி கிளட்ச் ஒன்று சௌரிராஜன் கடையின் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. கல்நார்ப் பட்டை, முரட்டு ஸ்பிரிங். மிதித்தால் கால் கழன்றுவிடும் என்று நல்லுசாமி முனகினான். கால் கழன்றாலும் வண்டி ஏறும் என்றேன். பொன்மலை ரயில்வே தொழிற்சாலை மெக்கானிக் இன்னாசிராஜ் ஞாயிற்றுக்கிழமை துறையூருக்கு வந்து மாட்டிக்கொடுத்தான்.

நான் பரீட்சை வைத்தேன். கை பிரேக்கை இறுக்கிப் போட்டு, டாப் கியரில் வைத்து, கிளட்சை விடச் சொன்னேன். என்ஜின் ஒரு உதறு உதறி அணைந்தது. அபசகுனம் என்று செல்லக்கண்ணுவின் முகம் வாடியது. பழைய தட்டில் இதே காரியத்தைச் செய்தபோது என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்ததை நல்லுசாமிதான் அவளுக்குச் சொன்னான். தட்டு வழுக்கினால் என்ஜின் ஓடும். தட்டு பிடித்தால், நகர முடியாத வண்டியோடு சேர்ந்து அதுவும் நின்றாக வேண்டும். அவள் இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னாள். மறுபடியும் அணைந்தது. அப்புறம்தான் ஏறி உட்கார்ந்தாள். என்னை முன் ஸீட்டுக்குப் போகச் சொன்னாள்.

வலி கண்ட அன்று பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கவில்லை. பெண் குழந்தை. கொடி சுற்றியிருந்தது, அரை மணி தாமதித்திருந்தால் இரண்டும் இல்லை என்றாள் லேடி டாக்டர்.

ஊர் திரும்பியதும் ஒருவர் நல்லுசாமியிடம் கேட்டார், அந்தக் கிளட்சை எந்த நேரத்தில் மாட்டினாய் என்று. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் என்றான். அவர் வெகு நேரம் தாடையைத் தடவினார்.

"அப்ப இனிமே ராகு காலத்துலதான் மாட்டணும்னு சொல்லு."

கிளட்ச் தேய்ந்தால் கடையில் வேறு கிடைக்கும். மூளைக்கு உதிரிப் பாகம் இன்னும் வரவில்லை. ஆனாலும், தேய்ந்துவிடுமே என்று பயந்து யாரும் அதை உபயோகிக்காமல் வைத்திருக்க வேண்டாம்.