என் அம்புக்குறியை மதிக்காத ஆறு

ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. (மழைக்கு மட்டும் ஓடுகிற வாய்க்காலைக் கொண்டுவந்து என்னோடு வாதாடாதீர்கள்.) அந்த மண்ணில் பிறந்த நான்தான், மொன்றியலில் இருந்துகொண்டு, வட ஜேர்மனியின் சின்ன ஆறு ஒன்றுக்குப் பாதை போட்டுக் கொடுத்தேன்.

மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் லொறிகளுக்குப் பாதை ஒதுக்குவது என் வேலை. அதனால் குடும்பத்தில் நான் ஒரு பூகோள மேதை, முக்கியமாக என் கருத்துப்படி. அப்பா போய் ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்தை ஜேர்மனியில் இருக்கும் அண்ணன் செய்வதாக ஏற்பாடு. பிண்டம் கடலைச் சேர வேண்டும் என்பது, எங்களோடு இருக்கும் அம்மாவின் ஒரே விருப்பம்.

"கடலுக்கு ஒண்டரை மணித்தியாலம் கார் ஓட வேணுமடா," என்றார் அண்ணன்.

"என்னத்துக்கு அண்ணை? உங்கட வீட்டுக்குப் பக்கத்திலயே எஸ்டெ ஆறு. அது எல்பே எண்ட பெரிய ஆத்தில விழும், எல்பே கடல்ல விழும். பாலத்தடியில விட்டால் தன்ரபாட்டில போயிடும்."

சிவப்புக் கோடு கீறிய வரைபடம் ஒன்றும் அனுப்பினேன். (அம்புக்குறி வேறு.)

அன்று எங்களுக்குக் காலை ஆறு மணி, அங்கே நண்பகல். அம்மா முழுகிவிட்டு, தொலைபேசித் திரைக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அண்ணன் மூன்று பிண்டத்தையும் வாழையிலையோடு ஆற்றில் விட்டார். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் கரையேறினார். இலை மெல்ல வடக்கே நகர்ந்தது. நான் திரையில் விரல் வைத்து, அது போகும் வழியை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இலை நின்றது. பிறகு, வந்த வழியே திரும்பியது.

"ஐயோ மாமி, திரும்பி வருது!" படம் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி கத்தினார்.

"நான் திரும்பிப் பாக்கக்கூடாது! என்ன வருதெண்டு சொல்லுமப்பா!" என்று முதுகைக் காட்டியபடியே அண்ணன் கத்தினார்.

நாயோடு வந்த ஒரு ஜேர்மன்காரர்தான் விளக்கினார். கடல் பெருகும்போது இந்த ஆறு பின்னோக்கி ஓடுமாம். ஆறேழு மணித்தியாலம் பொறுத்தால் மறுபடி கடலுக்குப் போகுமாம். (இருபது வருடமாக அதன் கரையில் இருக்கும் அண்ணனுக்கும் இது தெரியாது என்பதில் எனக்கொரு சின்னத் தெம்பு.)

அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்பா போனதிலிருந்து சிரிக்காத மனுசி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் பாழாக்கிவிட்டேன். அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"உந்த மனுசன் எங்க வெளிக்கிட்டாலும் இப்பிடித்தான். வாசல் படலையடிக்குப் போய், கண்ணாடியை விட்டிட்டன் எண்டு திரும்பி வருவார்."

பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துவந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மாலைவரை ஈர வேட்டியோடு காத்திருந்து, இலை போனபிறகுதான் சாப்பிட்டார்.

இப்போது அந்த ஆறு எந்நேரம் எந்தப் பக்கம் ஓடும் என்ற அட்டவணை எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. திவசம் நெருங்கினால் அம்மா அதைப் பார்த்து அண்ணனுக்கு உத்தரவு போடுவார்:

"ரெண்டரைக்குப் பிறகு விடு, நேர போவார். தம்பிக்குச் சொல்லிப்போடாத. பேந்து அவன் படம் கீறி அனுப்புவான்."