பாக்கெட்டில் அடைத்த பிராணன்

பாபநாசம் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனால் முகூர்த்த நாளில்கூட அந்த மண்டபம் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கூத்தாநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பெரும்பாலும் நெல் விளைவிக்கிறவர்கள். சோறு தின்பது எவ்வளவு பெரிய தப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள்.

சொன்னவர் பிராணானந்த குருஜி. பிரபஞ்ச சக்தியைப் பிடித்துப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைத்திருந்தார். பிரபஞ்சத்தின் அளவு யாருக்கும் தெரியாது. பாக்கெட் முப்பது கிராம். காலையில் ஒன்று கலக்கிக் குடித்தால் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. குடிக்கிறவர் தானே கலக்கக் கூடாது. வீட்டுப் பெண்மணி கிழக்கே பார்த்து நின்று, குருஜி கொடுத்த கறுப்புக் குப்பியில் கலக்கி, மூடியோடு கொடுக்க வேண்டும்; மூடியைத் திறக்காமல் அதிலிருக்கும் குழாய் வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும். மேற்கே பார்த்தால் பிரபஞ்சம் கோபித்துக்கொள்ளுமாம்.

முன்வரிசையில் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, மூன்று ஏக்கர் குறுவை, கொஞ்சம் பிரஷர். இருபத்தொரு நாளாக அவர் இலை முன்னால் உட்காரவில்லை. மனைவி கமலாம்பாள் வைக்கும் சுண்டைவற்றல் குழம்பு வாசனை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் வரப்பில் மயங்கி விழுந்தார். “உடம்புல இருக்குற கெட்டது வெளிய போகுது,” என்றார் குருஜி. வெளியே போன கெட்டது, போகிற போக்கில் அவருடைய முட்டித் தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிற்று.

நாலாம் நாளிலிருந்து அதிசயம். குப்பியிலிருந்து வந்தது இளம்புளிப்பாக, குளுகுளுவென்று, சின்ன வெங்காய வாசனையோடு தொண்டையில் இறங்கியது. அச்சு அசல் பழையது! உடம்பில் தெம்பும் வந்தது. குருஜியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். குருஜி ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

“அது பொடியோட ருசி இல்லீங்க. உங்க ஆத்மாவோட ருசி.”

தன் ஆத்மா மோர்மிளகாய்க்கு இவ்வளவு பொருத்தமானது என்று தெரிந்ததில் வைரக்கண்ணுவுக்குப் பெருமைதான்.

இன்று அவரை மேடைக்கு அழைத்தார்கள். குருஜி அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் அழுத்தினார். கை இறங்கியது. பிறகு ஒரு பாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்து, முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினார். கை அசையவில்லை. மண்டபம் கைதட்டி ஓய ஒரு நிமிடம் ஆயிற்று.

“இவ்வளவு சக்தி இருக்கும்போது பிரஷர் மாத்திரை எதுக்கு?” என்று கேட்ட குருஜி, ஒரு பித்தளைத் தாம்பாளத்தை நீட்டினார். “போடுங்க இதுல. இனிமே தொடாதீங்க.”

வைரக்கண்ணு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.

“ஏங்க! அதைப் போடாதீங்க!”

பெண்கள் பக்கத்திலிருந்து கமலாம்பாள் எழுந்து வந்தாள். மேடையேறி மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். பாக்கெட்டுகள் கொட்டின. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“நாலாம் நாள்லேருந்து உங்களுக்குக் கொடுத்தது பழைய சோத்தை வெங்காயத்தோட மிக்ஸியில அடிச்ச தண்ணிதாங்க. வரப்புல விழுந்த மனுஷனை நான் வேற எப்படிக் காப்பாத்துறது? சொன்னா கேக்குற ஆளா நீங்க?”

வைரக்கண்ணுவுக்குக் காது இரண்டும் சுட்டன. ஆத்மா என்று நினைத்தது மிக்ஸி.

குருஜி சிரித்தார். “தாயே, பாக்கெட் வீட்டுல இருந்தாலே போதும். சக்தி தானா பரவும்.”

“அப்படிங்களா?” கமலாம்பாள் முந்தானையிலிருந்து இன்னும் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்தாள். “இந்த ரெண்டுல எதுல உங்க சக்தி இருக்கு? கையை அழுத்திப் பார்த்துச் சொல்லுங்க.”

ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குருஜி முதல் பாக்கெட்டை வைரக்கண்ணுவின் கையில் கொடுத்து மணிக்கட்டில் அழுத்தினார். கை இறங்கியது. இரண்டாவதைக் கொடுத்து முழங்கைப் பக்கம் அழுத்தினார். கை தூண் மாதிரி நின்றது.

“இதுதான் பிராணன்!”

கமலாம்பாள் இரண்டையும் பல்லால் கிழித்து மேடையில் கொட்டினாள். இரண்டிலிருந்தும் ஒரே மாதிரி பழுப்பாக விழுந்தது.

“ரெண்டுமே எங்க மாட்டுத் தவிடு. பொடியை எடுத்துட்டு நான்தான் மெழுகுவத்தியில காட்டி ஒட்டினேன். சக்தி பொடியிலயும் இல்ல, தவிட்டுலயும் இல்ல. நீங்க அழுத்துற இடத்துல இருக்கு.”

குருஜி தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். கழுத்து மைக்கை அணைக்க மறந்துவிட்டதால், “பின்வாசல் எந்தப் பக்கம்?” என்று அவர் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

வைரக்கண்ணு தண்ணீர் வாங்கி அங்கேயே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதற்குள் கும்பகோணத்து ஆசாமி ஒருவர் மேடையேறி, கமலாம்பாள் காலில் விழப் போனார்.

“அம்மா! அந்தப் பழையதை உங்க திருக்கையாலயே பாக்கெட் போட்டுக் கொடுப்பீங்களா?”

பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வைரக்கண்ணு மேடையிலிருந்த இன்னொரு மைக்கை எடுத்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

“மூடியைத் தொறந்துகூடப் பார்க்காம இருபத்தொரு நாள் குடிச்சவன்யா நான். எனக்குக் கலக்கினது என் பொண்டாட்டி, அதனால பொழச்சேன். உங்களுக்குக் கலக்குறவன் யாரு?”