ஆதம்பாவாவின் மரண சாசனமும் ஐந்து பெருவிரலும்

அன்பு மகள் நிப்லாவுக்கு,

கல்முனையிலிருந்து வாப்பா காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தை வெள்ளிக்கிழமை போனில் கேட்டுவிட்டதால் அதைத் திரும்பக் கேட்டு மையைச் செலவழிக்கவில்லை. நாங்களும் நலம், உம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். நீ கேட்ட சாசனத்தின் பிரதியைக் கத்தாருக்கு வருகிற அப்துல் ஸமட்டிடம் இத்துடன் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் தங்கச்சி ஸம்றாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, மாப்பிள்ளையின் உம்மா முஸ்பிறா வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தா. இரண்டு அறை, ஒரு மண்டபம், அடுப்படி. அதை ஸம்றாவுக்கு எழுதிக் கொடுப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. "நல்ல ஊடுதான். பொறகு நீங்க ரெண்டு பேரும் எங்க இரிப்பீங்க?" என்று கேட்டா. குத்தலாக இல்லை, இரக்கத்தோடுதான் கேட்டா. கொஞ்சம் யோசித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். யோசிக்காமல், "எங்களுக்கென்ன, வாப்பும்மாட வாப்பா எழுதி வெச்ச காணி கிடக்கு, அதுல சின்னதா ஒரு ஊடு கட்டுவம்" என்று சொல்லிவிட்டேன். உம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டம் சாய்ந்தது. அப்படியொரு காணி இருப்பது அவவுக்கும் அப்போதுதான் தெரியும்.

அது முழுப் பொய்யுமில்லை, மகள். "பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு எழுதப் போறன், உங்கட வாப்பும்மாட வாப்பா, ஆதம்பாவா அப்பா, மரண சாசனம் எழுதினாராமே, தேடிப் பாருங்க வாப்பா" என்று நீதானே சொன்னாய். சாசனம் இருந்தால் அதில் காணியும் இருக்கும்தானே என்று எட்டாம் வகுப்போடு நின்ற என் மூளை முடிவெடுத்தது. கலியாணத்துக்கு ஐந்து மாதம். அதற்குள் காணி கிடைக்காவிட்டால் நானும் உம்மாவும் புது மாப்பிள்ளையின் அறை வாசலில் பாய் போட வேண்டும்.

பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் அந்த வம்சத்தின் பேர்களைப் பதிந்து வைக்க ஒரு மரைக்காயர் இருப்பது உனக்குத் தெரியும். நான் நேரே எங்கள் குடி மரைக்காயர் சரீபிடம் போனேன். அவர் பழைய குடிக் கொப்பியைத் தூசி தட்டி, மூன்று தரம் தும்மி, "இந்தா இரிக்கார் ஆதம்பாவா. சாசனம் எழுதினது சவிரிமுத்து நொத்தாரிசு" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த நொத்தாரிசின் பேத்தி எலிசா ரீச்சர் மெதடிஸ்த கோயிலுக்குப் பின்னால் இருக்கிறா. தாத்தாவின் பழைய பிரதிகள் ஒரு பெட்டி நிறைய அவவிடம் உண்டு. பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னா: "காக்கா, எங்கட அப்பப்பா எழுதாத சாசனம் இந்தக் கரையில இல்ல. கறையான் வாசிக்காத சாசனமும் இல்ல." ஆனாலும் கிடைத்தது, மகள்! நற்பிட்டிமுனையில் நாலு ஏக்கர். அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அந்த வயல் வரம்பில் நின்று, அடுப்படி எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். வயல்காரர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்: "காக்கா, கனவைக் கரைக்கு வந்து காணுங்க, பயிருக்குள்ள நிக்கிறீங்க." அதன் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை அந்த ஆதம்பாவாவுக்கு யாசீன் ஓதினேன், கண்ணும் கலங்கினேன். நாலாம் வெள்ளி சோறு போடும்போது உம்மா சாதாரணமாகக் கேட்டா:

"ஆதம்பாவா அப்பா உங்கட வாப்பா வழிதானே?"

"ஓம்."

"குடி உம்மாட வழியிலதானே வாற?"

"ஓம்."

"அப்ப உங்கட குடிக் கொப்பியில அவர் எப்பிடி இரிப்பார்?"

பிசைந்த சோற்றைப் பீங்கானிலேயே வைத்துவிட்டேன். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். நான் ஒரு மாதமாகத் தேடி, ஓதி, அழுதது யாரோ ஒருவருடைய மூத்தவாப்பாவுக்கு. அந்த மனிசன் கபுறுக்குள், யார் இந்தக் காலிதீன் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

திரும்ப எலிசா ரீச்சரிடம் போனேன். "என்ன காக்கா, அந்த அப்பா சரிவரல்லையா? வேற அப்பா பாக்கவோ?" என்று சிரித்தா. சிரித்தாலும் இரண்டு நாள் குந்தியிருந்து தேடித் தந்தா. நம்முடைய ஆதம்பாவாவின் சாசனம் ஒரே ஒரு பக்கம். எனக்கு அந்தக் கையெழுத்து விளங்கவில்லை, ரீச்சர்தான் வாசித்தா. வீடு, காணி பூமியெல்லாம் ஐந்து பெண்மக்களுக்கும் கலியாணத்தின்போதே கொடுத்து முடிந்தது, தன் பேரில் இப்போது ஒன்றுமில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். பிறகு ஒரேயொரு வேண்டுகோள்: தான் மவுத்தான பிறகு தன் பெண்சாதி கடைசி மகளின் வீட்டுக் கிழக்கறையில் ஆயுள் வரை இருக்க வேண்டும், அவவை வீடு வீடாக மாற்றக் கூடாது. பெண்சாதியும் வாரிசு என்பதால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டுமாம். அதனால் கீழே ஐந்து மகள்மாரின் கைநாட்டு, வரிசையாக ஐந்து பெருவிரல். ஒன்று மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. மை கூடிப்போச்சோ என்னவோ.

ரீச்சர் வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தா. ஐந்து வீடு கொடுத்த மனிதர், மகள். ஓர் அறைக்காக ஐந்து பேரிடமும் வாய் திறந்து கேட்டிருக்கிறார். கேட்கும்போது எங்கே பார்த்துக்கொண்டு கேட்டாரோ! அவர்களுடைய முகத்தையா, நிலத்தையா? காணி இல்லை என்ற கவலை அன்றைக்கு எனக்கு வரவேயில்லை. இதைத்தான் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். உன் வரலாற்றில் அந்த ஐந்து பெண்களின் பேரையும் மறக்காமல் எழுது.

எங்கள் இருப்பிடம் பற்றி நீ யோசிக்க வேண்டாம். மருதமுனையில் ஒரு வாடகை வீடு பேசி முடித்துவிட்டேன். காற்றோட்டமான வீடு. உம்மாவுக்கும் நல்ல விருப்பம். பூட்டிக் கிடக்கிற உன் வீடும் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் போய் முற்றம் கூட்டிவிட்டு வருகிறோம். உங்களுக்கென்று கொடுத்த வீடு, மருமகன் அஸ்ஹரின் மரியாதை இருக்கிற வீடு. அதனால் உள்ளே இருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. முற்றத்துக் குழாயில்தான் குடிக்கிறோம்.

மருமகனுக்கு ஸலாம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத பறக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
காலிதீன்

பி.கு: மருதமுனையில் வீடு ஒன்றும் பேசவில்லை. உம்மாவுக்கு இந்த விசயமே தெரியாது. வெள்ளிக்கிழமை போனை வைக்கப் போகும்போது, "வேற என்ன வாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும், "வேற ஒண்டுமில்ல மகள்" என்றேன். சொல்லாமல் விட்டது இதுதான்: நானும் உம்மாவும் உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா?